அகளி எழுப்பும் கேள்வி: ஊனமுற்றோர் உரிமை யாருடைய போராட்டம்?

2018 பிப்ரவரி 22 அன்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், அகளியை அடுத்த முக்காலியில், மது என்னும் பழங்குடி இளைஞர் ஒரு கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். கடைகளில் அரிசியும் மிளகாய்ப்பொடியும் திருடினார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். காட்டில் தனியே வாழ்ந்துவந்த அவரைத் தேடிப் பிடித்து, கைகளைக் கட்டி, ஊருக்குள் நடத்தி வந்தார்கள். கட்டுண்டு நின்றவரை அருகில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் தம்மையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்கள் நாடெங்கும் பரவின. காவல்துறை வாகனத்தில் ஏற்றப்பட்ட அந்த இளைஞர், அகளி மருத்துவமனையை அடைவதற்கு முன்பே உயிர் துறந்தார்.

கண்டனக் குரல்கள் எழுந்தன. ஆனால் ஒவ்வொரு குரலும் வெவ்வேறு மனிதரைப் பற்றிப் பேசியது. செய்தித்தாள்களுக்கு அவர் ‘மனநலம் குன்றியவர்’. பழங்குடி அமைப்புகளுக்கு அவர் வந்தேறிகளின் ஆதிக்கத்துக்குப் பலியான ஆதிவாசி. உணவுரிமை பேசுவோருக்கு அவர் பசியால் துரத்தப்பட்டவர். சட்டம் ஒழுங்கு பேசுவோருக்கு அவர் கும்பல் வன்முறையின் இரை. இந்த நான்கும் உண்மையே. நான்கும் ஒரே உடலில் ஒன்றாக இருந்தன என்பது அவற்றைக் காட்டிலும் பெரிய உண்மை. அடித்தவர்கள் அவரைக் கூறு கூறாகப் பிரித்து அடிக்கவில்லை. பிரித்துக்கொண்டவை இயக்கங்கள்.

இப்படிப் பிரித்துக்கொள்வது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நிலம் என்றால் விவசாயிகள் சங்கம். கூலி என்றால் தொழிற்சங்கம். சாதி என்றால் தீண்டாமை ஒழிப்பு அமைப்பு. ஊனம் என்றால் மூன்று சக்கர வண்டி வாங்கித் தரும் நலத்துறை. இறுதியாகச் சொன்னதை ஒரு போராட்டக்களமாகவே கருதாத தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். “அது இரக்கத்துக்குரிய விஷயம், அரசியல் விஷயம் அன்று” என்பது அவர்களின் வாய்விட்டுச் சொல்லாத முடிவு. அம்முடிவு தவறானது என்பதற்கு அகளியைக் காட்டிலும் வலுவான சான்று வேண்டியதில்லை.

நிலம் போனவனின் நோய்

அட்டப்பாடி, இருளர், முடுகர், குறும்பர் என்னும் மூன்று பழங்குடிகளின் தாயகம். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தோரில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். 2011இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. குடியேறியவர்களில் கேரளச் சமவெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. கிழக்கே கொங்குநாட்டிலிருந்து வந்த தமிழர்களும் உண்டு. ஆகவே தமிழ் வாசகர் இதை அண்டை மாநிலத்துச் செய்தியாகப் படித்துவிட்டு நகர இயலாது. கோவை நகரம் குடிக்கும் சிறுவாணி நீரும் அந்த மலைகளிலிருந்தே வருகிறது.

பறிபோன நிலத்தை மீட்டளிக்க 1975இல் கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு விதிகள் வகுக்கவே 1986 வரை ஆயிற்று. 1996இல் அச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் திருத்த மசோதா வந்தபோது, சட்டமன்றத்தில் எதிர்த்து நின்றவர் கே.ஆர். கௌரியம்மா ஒருவரே. குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் தரவில்லை. பின்னர் வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம், பறித்தவர் கையில் இரண்டு ஹெக்டேர் வரை விவசாய நிலத்தை விட்டுவைத்து, பழங்குடியினருக்கு வேறிடத்தில் மாற்று நிலம் தருவதாகச் சொன்னது. இவ்விரு முறையும் மாநிலத்தை ஆண்டது இடது முன்னணி. அதைச் சொல்லாமல் விடுவதால் இயக்கத்துக்கு எந்த நன்மையும் இல்லை.

நிலம் போனதும் உணவு போயிற்று. ராகியும் சாமையும் துவரையும் கீரையும் விளைந்த மேட்டுநிலங்கள் கைமாறியபின், பழங்குடிக் குடும்பத்தின் அடுப்பு நியாயவிலைக் கடை அரிசியை நம்பியே எரிந்தது. 2013இல் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைவு, கடும் இரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு ஆகியவையே காரணங்களாக வெளிப்பட்டன. அதன் பிறகே ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. இறந்த குழந்தைகளை எண்ணினார்கள். எடை குறைந்து பிறந்து, உயிர் தப்பி, உடல் வளர்ச்சியிலும் அறிவு வளர்ச்சியிலும் பின்தங்கும் ஆபத்தோடு வளரும் குழந்தைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பசியால் வரும் இறப்பு அரசியல் கேள்வியாகிறது என்றால், அதே பசியால் வரும் ஊனம் மட்டும் எப்படி விதியின் செயலாகும்?

மனநோய்க்கும் இதே வினா பொருந்தும். அந்த இளைஞருக்கு இருந்தது எந்த நோய், அது எத்தனை விழுக்காடு, அதற்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. அவரைத் தேடிச் சென்றவர்கள் எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. ‘இவன் பைத்தியம், இவனுக்காகக் கேட்க ஆள் வராது’ என்று ஒரு சமூகம் முடிவு செய்தால் போதும், அம்முடிவே ஊனம். தீராத மனவேதனையோடு ஒருவர் காட்டுக் குகையில் ஒதுங்கி வாழ்கிறார் என்றால், நோய் அவரைக் காட்டுக்கு அனுப்பியது என்பது பாதி உண்மை. மருந்தும் மருத்துவரும் பணியாளரும் அவருடைய ஊர்வரை வந்து தங்காததே மறுபாதி.

சட்டங்களும் கூறுபோடுகின்றன

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், அவமதிக்கும் நோக்கோடு தாக்குவதும் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது அதன் 92ஆவது பிரிவு. 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவோ, ஆதரவின்றித் திரியும் மனநோயாளியைப் பாதுகாத்து மருத்துவ நிலையத்தில் சேர்ப்பதைக் காவல்துறையின் கடமையாக்குகிறது. அந்தச் சட்டம் நடப்புக்கு வந்தது 2018 மே 29 அன்று, முக்காலிக் கொலைக்கு மூன்று மாதம் கழித்து. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதலே இருக்கிறது. இவை மூன்று சட்டங்கள், மூன்று அமைச்சகங்களின் பொறுப்பில், மூன்று கோப்புகளாகக் கிடக்கின்றன. பழங்குடியாகவும் மனநோயாளியாகவும் வறியவராகவும் ஒருசேர வாழும் மனிதர் எந்தக் கோப்பிலும் முழுமையாக இல்லை.

மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றத்தில் நடந்த வழக்கு, நீதியின் வாயிலில் ஏழைக்குக் காத்திருப்பது என்ன என்பதைக் காட்டியது. விசாரணை தொடங்கவே ஆண்டுகள் ஆயின. அரசுத் தரப்பின் சிறப்பு வழக்கறிஞர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சாட்சிகளைக் கலைத்ததற்காக 2022 ஆகஸ்டில் 12 பேரின் பிணையை நீதிமன்றம் ரத்துசெய்தது. சாட்சிகளில் 24 பேர் பிறழ்ந்தனர். அவர்களுள் ஒருவர், நீதிமன்றத்தில் காட்டப்பட்ட காணொளி தமக்குத் தெரியவில்லை என்றார். நீதிமன்றம் அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியது. பார்வையில் குறை இல்லை என்று தெரிந்தது. உண்மையான ஊனத்தோடு வாழ்ந்தவருக்கு இரக்கம் காட்டாத அதே ஊரில், ஊனம் ஒரு கேடயமாக நடிக்கப்பட்டது.

2023 ஏப்ரல் 4 அன்று 16 பேரில் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மறுநாள் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நிரூபணமானது கொலைக் குற்றம் அன்று. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்பதே. அச்சுறுத்தலுக்கும் ஆசைகாட்டலுக்கும் அடிபணியாமல் நின்ற தாயும் சகோதரியும் இல்லாதிருந்தால் அந்த அளவுக்கேனும் வழக்கு வந்திருக்காது.

பிரித்துப் பார்ப்பதன் தீங்கை உச்ச நீதிமன்றமே ஒருமுறை எடுத்துரைத்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த, பார்வையற்ற, பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில், 2021 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்த நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு, சாதியும் பாலினமும் ஊனமும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஒடுக்குமுறையைப் பெருக்குவதை விரிவாக விளக்கியது. ஆயினும் அதே தீர்ப்பு, சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று இல்லை என்று, அன்றைய சட்ட வாசகத்தைக் காட்டி, வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட தண்டனையை நீக்கியது. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது. விளக்கத்தில் ஒன்றாக நின்ற பெண் தண்டனைப் பிரிவில் மீண்டும் பிரிக்கப்பட்டார். நீதிபதிகளின் நல்லெண்ணம் மட்டும் போதாது. சட்டத்தின் கட்டமைப்பு மாற வேண்டும். அதை மாற்றும் வலிமை மக்கள் இயக்கங்களுக்கே உண்டு.

இந்தக் கொடுமை கேரள மலைகளோடு நிற்பதன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கினர். 28 பேர் மாண்டனர். 2018 மே மாதத்தில், முக்காலிக் கொலையின் அதிர்ச்சி அடங்குமுன், பழவேற்காட்டில் மனநலம் பாதிக்கப்பட்டவராகத் தோன்றிய ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியை நம்பி அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். சங்கிலியும் கும்பலும் ஒரே சிந்தனையின் இரு கருவிகள்.

‘ஊதியம்’ என்னும் அளவுகோல்

அந்தச் சிந்தனை மிகப் பழையது. புறநானூற்றின் 28ஆம் பாடல், கூன், ஊமை, செவிடு, மருள் உள்ளிட்ட எட்டு வகைப் பிறப்புகளை ‘எச்சம்’ என்று தொகுத்து, அவற்றால் ஊதியம் இல்லை என்று முன்னோர் கூறியதாகச் சொல்கிறது. அந்நாளில் ஊதியம் என்ற சொல்லுக்குப் பயன் என்று பொருள். இந்நாளில் அச்சொல் கூலியைக் குறிக்கிறது. இடைப்பட்ட காலத்தில் முதலாளித்துவம் செய்த வேலை அச்சொல்லின் பொருள் மாற்றத்திலேயே பதிந்திருக்கிறது. மனித உடலின் பயன் என்பது அது எத்தனை மணி நேரம், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு உபரி மதிப்பை உண்டாக்கும் என்ற கணக்காகச் சுருங்கியது. அக்கணக்கில் தேறாத உடல் எச்சமாக ஒதுக்கப்பட்டது.

மூலதனத்தின் முதல் பாகம் 25ஆம் அத்தியாயத்தில், வேலையற்றோர் சேமப்படையின் அடித்தட்டைப் பகுத்துரைக்கும் மார்க்ஸ், இயந்திரங்களாலும் சுரங்கங்களாலும் இரசாயனத் தொழில்களாலும் உறுப்பிழந்தோரையும் நோயுற்றோரையும் அதில் சேர்க்கிறார். இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய எங்கெல்சின் 1845ஆம் ஆண்டு நூலும், ஆலை நகரங்களில் உடல் சிதைந்தோரின் பெருக்கத்தைப் பதிவு செய்கிறது. ஊனம் வர்க்கத்துக்கு வெளியே நிற்கும் பொருள் அன்று என்பது இயக்கத்தின் மூலநூல்களிலேயே இருக்கிறது. அதைப் பிற்காலத்தில் மறந்ததுதான் புதுமை.

கேரளத்தின் வடகோடியில் இதற்குக் கொடிய சான்று உண்டு. காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மீது 2000ஆம் ஆண்டு வரை வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அந்தக் கிராமங்களில் ஊனத்தோடும் தீரா நோயோடும் பிறந்த குழந்தைகளை நாடறியும். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த நஞ்சைத் தடைசெய்தது. 2017 ஜனவரி 10 அன்று பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அது சூழலியல் போராட்டமா, தோட்டத் தொழிலாளர் போராட்டமா, மாற்றுத்திறனாளிகள் போராட்டமா? மூன்றும் அதில் அடங்கியிருந்தன. மூன்றாக எண்ணாததாலேயே அது வென்றது.

ஒழிக்கப்பட வேண்டியது எது?

அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே பரவலாகக் காணப்படுவது அரிவாள் செல் இரத்தசோகை. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும். எலும்பிலும் மூட்டிலும் தாங்கவொண்ணா வலி எழும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெற்றவருக்கே நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு அது மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. மலேரியா நிலவிய காடுகளில் தலைமுறைகள் உயிர்வாழ அது உதவியது. நீர் வற்றிய உடலும் கடுங்குளிரும் ஓயாத உழைப்பும் வலியைத் தூண்டும் என்கிறது மருத்துவம். கூலிவேலைக்குப் போகும் பழங்குடியினரின் அன்றாடம் இம்மூன்றும் சேர்ந்ததே.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்நோயை 21 வகை ஊனங்களில் ஒன்றாக ஏற்றது. அது முன்னேற்றம். ஆனால் அதே சட்டத்தின் 34ஆவது பிரிவு, அரசு வேலையில் நான்கு விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பங்கிடும்போது, அரிவாள் செல், தாலசீமியா, ஹீமோஃபிலியா ஆகிய இரத்த நோய்களை விட்டுவிட்டது. உயர்கல்வியில் இடம் உண்டு. படித்து முடித்தபின் வேலையில் ஒதுக்கீடு இல்லை. பழங்குடியினரிடையே மிகுந்து காணப்படும் ஊனம் வேலைவாய்ப்புப் பட்டியலில் விடுபட்டதைத் தற்செயல் என்று கொண்டாலும், அதைத் திருத்தக் கோரும் குரல் நாடாளுமன்றத்தை உலுக்கும் அளவுக்கு எழாதது தற்செயல் அன்று. பழங்குடி அமைப்புகள் அதை ஊனப் பிரச்சினை என்று விட்டன. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பலவற்றுக்கு அது பழங்குடிப் பிரச்சினை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் மோடி அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 40 வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047க்குள் நோயை ஒழிப்பது இலக்காம். பரிசோதனை வேண்டியதே, மருந்தும் ஆலோசனையும் வேண்டியவையே. ஆனால் மரபணு அட்டையைக் கையில் கொடுத்து, மணப்பொருத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்வதோடு அரசின் கடமை தீர்ந்துவிடுமா? இன்று வலியோடு வாழ்பவருக்கு வேலை எங்கே? ஓய்வுநாளுக்குக் கூலி எங்கே? வண்டி போகாத மலையூர்களிலிருந்து நோயாளியைத் துணியில் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து வரும் நிலை எப்போது ஒழியும்? நோயாளியின் வாழ்வை மேம்படுத்தாமல் நோயை மட்டும் ஒழிப்பதாகச் சொல்லும் திட்டம், அத்தகையோர் பிறவாதிருப்பதையே தீர்வாகக் கொள்ளும் அபாயம் உடையது.

அதே பிரதமர் 2015 டிசம்பரில் வானொலி உரையில் ‘திவ்யாங்’ என்று பெயர் சூட்டினார். தெய்வீக உறுப்பு உடையவர் என்று பொருள். தெய்வீக உறுப்புக்கு மத்திய அரசு தரும் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். அதுவும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஊனம் இருந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருந்தால்தான். தமிழகத்தில் வழங்கும் ‘மாற்றுத்திறனாளி’ அதைக் காட்டிலும் மதிப்புள்ள சொல். எனினும் சொல் மாறியதால் பேருந்தின் படி தாழவில்லை. பெயர்மாற்றத்தைப் பெரும் சாதனையாகக் காட்டுவது, உரிமையின் இடத்தில் புகழுரையை வைக்கும் தந்திரம்.

இரண்டு தவறான வாதங்கள்

இயக்கத்துக்குள் எழும் முதல் வாதம்: “வர்க்கப் போராட்டம் வென்றால் இவையெல்லாம் தாமே தீரும், இப்போது தனியே பேசினால் வர்க்க ஒற்றுமை சிதறும்.” 2011 கணக்கெடுப்பு எண்ணியது 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளை. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிக் குடும்பத்தினர். இவர்களை வெளியே நிறுத்திவிட்டு எந்த வர்க்கத்தின் ஒற்றுமை கட்டப்படுகிறது? இவர்களுக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, தூக்கிச் சுமப்பது பெரும்பாலும் தாய்மாரும் சகோதரிகளும்; அவர்களின் கூலியில்லா உழைப்பை எண்ணாமல் பெண்விடுதலை பேச முடியுமா? தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தன் பெயரிலேயே ‘பாதுகாப்போர்’ என்ற சொல்லைச் சேர்த்திருப்பது சரியான அரசியல்.

இரண்டாவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருவது: “எங்கள் வலி எங்களுக்கே தெரியும், கட்சிகளும் சங்கங்களும் தள்ளியே நிற்கட்டும்.” தாங்கள் இல்லாமல் தங்களைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் சொல்வது முற்றிலும் நியாயம். அதிலிருந்து, தனித்தே நிற்போம் என்ற முடிவுக்குப் போவது நியாயமன்று. நன்கொடை நிறுவனங்களின் நிழலில் சான்றிதழும் சலுகையும் கேட்டு வாழும் வழி, சான்றிதழே பெற முடியாத மலையூர்க்காரரை மறந்துவிடும். அமெரிக்காவில் 2005இல் தோன்றிய ‘சின்ஸ் இன்வாலிட்’ குழுவைச் சேர்ந்த கறுப்பின, பிற நிறத்து மாற்றுத்திறனாளிப் பெண்கள் ‘ஊன நீதி’ என்ற கருத்தை முன்வைத்ததே இந்தக் குறையைச் சுட்டித்தான். சட்ட உரிமை வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்தோடு நின்றுவிட்டது என்றும், முதலாளித்துவ எதிர்ப்பும் பிற இயக்கங்களோடு தோழமையும் இல்லாமல் விடுதலை இல்லை என்றும் அவர்கள் எழுதினார்கள்.

அத்தோழமை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை 1977 ஏப்ரல் காட்டியது. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் விதிகளில் கையெழுத்திடக் கோரி, ஏறத்தாழ 150 பேர் சான்பிரான்சிஸ்கோவில் ஒன்றிய அரசு அலுவலகத்தை மூன்று வாரங்களுக்கு மேல் கைப்பற்றி உள்ளேயே இருந்தார்கள். அவர்களுக்கு நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்தது கருஞ்சிறுத்தைக் கட்சி. உள்ளே இருந்தவர்களில் அக்கட்சி உறுப்பினரும் இருந்தார். தலைநகரம் சென்ற தூதுக்குழுவுக்குத் துணைநின்றது இயந்திரத் தொழிலாளர் சங்கம். ஏப்ரல் 28 அன்று விதிகள் கையெழுத்தாயின.

இங்கே ஆளும் வர்க்கம் இந்தப் பிணைப்பை நன்றாகவே அறியும். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியினருக்காக வாழ்ந்த ஸ்டான் சுவாமி, 83 வயதில், 2020 அக்டோபரில் ஊபா சட்டத்தில் சிறைவைக்கப்பட்டார். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாத அவர், உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுச்செய்து வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். சக்கர நாற்காலியில் வாழ்ந்த பேராசிரியர் ஜி.என். சாய்பாபா, பழங்குடி மக்கள் மீதான அரசின் போரை எதிர்த்ததற்காக ஆண்டுக்கணக்கில் நாக்பூர்ச் சிறையில் வைக்கப்பட்டு, 2024 மார்ச் 5 அன்று குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகி, அதே அக்டோபரில் மறைந்தார். இவர்களுடைய உடலின் தேவைகளே இவர்களுக்கு எதிரான தண்டனைக் கருவிகள் ஆக்கப்பட்டன. அரசுக்குத் தெரிந்த இந்த இணைப்பு அதை எதிர்ப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

பழங்குடி, பட்டியல் சாதி மாற்றுத்திறனாளிகள் தாக்கப்படும் ஒவ்வொரு வழக்கிலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு 92ஆவது பிரிவும் முதல் தகவல் அறிக்கையிலேயே சேர்க்கப்பட வேண்டும் என்று கோருவது வழக்கறிஞர் சங்கங்களின் வேலை. 34ஆவது பிரிவில் இரத்த நோய்களைச் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் எழுப்புவது கட்சி உறுப்பினர்களின் வேலை. ஊனச் சான்றிதழுக்காக மலையூர் மக்கள் நகரத்துக்கு அலையாமல், மருத்துவக் குழு ஊருக்கு வரப் போராடுவது பழங்குடி அமைப்பின் வேலை. 300 ரூபாய் ஓய்வூதியத்தை உயர்த்துவதும் வேலைத்தளத்தில் ஊனமாகும் தொழிலாளியை வெளியேற்றாமல் காப்பதும் தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலின் பின்னிணைப்பில் அல்லாமல் முன்பக்கத்தில் வர வேண்டியவை. நிலம் மீட்பு, இவை அனைத்துக்கும் அடித்தளம்.

கட்சிக்குள்ளும் வேலை இருக்கிறது. மாடியில் கூட்டம் நடத்தும் கிளை, மாடியேற முடியாத தோழரை வெளியேற்றிவிட்டே கூட்டத்தைத் தொடங்குகிறது. மாநாட்டு அறிக்கைகள் பார்வையற்ற தோழர்கள் கேட்கும் வடிவில் வர வேண்டும். ‘செவிட்டு அரசு’, ‘குருட்டு நிர்வாகம்’, ‘பைத்தியக்காரத் திட்டம்’ என்று மேடையில் முழங்குவதை நிறுத்த வேண்டும். அரசு செவிடன்று, கேட்டுக்கொண்டே மறுக்கிறது. நிர்வாகம் குருடன்று, பார்த்துக்கொண்டே பறிக்கிறது. வர்க்க எதிரியின் குணத்தைச் சொல்ல, ஒடுக்கப்பட்டவரின் உடலை உவமையாக்கும் பழக்கத்தைக் கட்சிப் பத்திரிகையும் கைவிடட்டும்.

மாடியில் கூடும் கிளை தன் அடுத்த கூட்டத்தைத் தரைத்தளத்தில் நடத்தட்டும். அப்பகுதியில் வாழும் மாற்றுத்திறனாளிகளின் வீடுகளுக்குச் சென்று, அவர்களுக்குச் சான்றிதழ் உண்டா, ஓய்வூதியம் வருகிறதா, கூலிவேலை கிடைக்கிறதா, வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் குறிப்பேடு விவசாயிகள் சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் பழங்குடி அமைப்புக்கும் தொழிற்சங்கத்துக்கும் பொதுவாக ஒன்றே இருக்கட்டும்.